டைல்ஸில் படம் வரைந்து பிழைக்க முடியுமா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் ஓவியம் படித்து முடித்து இரண்டு வருடம் ஆகிறதாம். பள்ளிச் சுவர்களுக்கும் சின்னச் சின்ன ஓட்டல்களுக்கும் அக்ரிலிக்கில் படம் வரைந்து கொடுக்கிறார். "அக்கா, கடலோரமா இருக்கிற சுவர்ல எதுவுமே ரெண்டு மழைக்காலம் தாங்கல, உரிஞ்சு கொட்டுது. டைல்ஸ்ல கிளேஸ் வச்சு வரைஞ்சா நிக்கும்னு சொல்றாங்க. அதையே தொழிலா வச்சுக்க முடியுமா? எங்க கத்துக்கறது? கில்ன் வாங்கணுமா? கையில இருக்கிற பெயின்ட்டை எல்லாம் என்ன செய்யறது?" என்று கேட்கிறார். இருபத்தாறு வருடமாகப் புதுச்சேரியில் இதே வேலையில் இருப்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முடியும். நான் பிழைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் முதல் ஒரு வருடம் நீங்கள் படம் வரையக் கூடாது. நாலு வருடம் படம் வரையவே படித்த பெண்ணிடம் இப்படிச் சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது. காரணத்தைக் கேளுங்கள்.

அக்ரிலிக்கில் டப்பாவுக்குள் இருக்கிற நிறம்தான் சுவரில் வரும். கிளேஸில் அப்படி இல்லை. கோபால்ட் ஆக்சைடு கரித்தூள் மாதிரி கறுப்பாக இருக்கும், கில்ன் என்கிற சூளையிலிருந்து நீலமாக வெளியே வரும். கோபால்ட் கார்பனேட் என்றால் வெளிறிய ஊதா, அதுவும் நீலமாகத்தான் வரும். இரும்பு ஆக்சைடு செங்கல் பொடி போல இருக்கும். அது தேன் நிறமாகவும் வரலாம், கருங்காப்பி நிறமாகவும் வரலாம். பூச வேண்டிய கிளேஸோ சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வெள்ளைக் கூழ். அந்த வெள்ளைக் கூழின் மேல் கறுப்புப் பொடியைக் கரைத்துத் தீற்றிவிட்டு, இதுதான் தேவனாம்பட்டினத்துக் கடல் என்று நம்பி உள்ளே அனுப்ப வேண்டும். கண் பார்ப்பதைக் கை வரையும் பழக்கம் உங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. இங்கே கண்ணுக்கு முன்னால் நிறமே இருக்காது. அதை மனத்துக்குள் ஏற்றிக்கொள்வதற்குத்தான் அந்த ஒரு வருடம்.

கிளேஸ் என்பது கண்ணாடிதான். மணலில் இருக்கிற சிலிக்காவை உருக்கினால் கண்ணாடி. தனியாக அது உருக 1700 டிகிரிக்கு மேல் வேண்டும், நம் சூளை எதுவும் அவ்வளவு தாங்காது. அதனால் சோடா, பொட்டாஷ், சுண்ணாம்பு, போரான் போன்ற உருக்கிகளைச் சேர்த்து உருகும் வெப்பத்தைக் கீழே இறக்குகிறோம். உருகியது வழிந்துவிடாமல் ஓட்டின், அதாவது டைல்ஸின், மேல் நிற்பதற்குக் களிமண்ணிலிருந்து வரும் அலுமினா. வெல்லப்பாகு காய்ச்சியவர்களுக்கு இது உடனே புரியும். பதம் குறைந்தால் சொரசொரவென்று நிற்கும், மிஞ்சினால் ஓடிவிடும். அதிக வெப்பத்தில் சுடும் ஸ்டோன்வேர் கிளேஸுக்கு உலகமெங்கும் பழகிய ஒரு கணக்கு உண்டு: நூற்றில் பெல்ஸ்பார் என்ற பாறைத்தூள் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புக்கல் தூள் 20, வெள்ளைக் களிமண் 10. சுமார் 1280 டிகிரிக்கு மேல் இது தெளிந்து உருகும். அதை அடிப்படையாக வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் வாழ்நாள் முழுக்க வேலை செய்திருக்கிறார்கள்.

நிறம் அந்த அடிப்படைக் கண்ணாடியைப் பொறுத்தது. இதைத்தான் ஓவியம் படித்தவர்கள் ஏற்க மறுக்கிறார்கள். தாமிரம் என்றால் பச்சை என்று மனப்பாடம் செய்து பயனில்லை. போரான், சுண்ணாம்பு உள்ள கிளேஸில் அது பச்சை. சோடா மிகுந்து அலுமினா குறைந்த கிளேஸில் அதே தாமிரம் மயில் கழுத்து நீலம். சூளைக்குள் காற்றை இறுக்கிப் புகையோடு எரித்தால் அதே தாமிரம் ரத்தச் சிவப்பு. இரும்பும் அப்படித்தான். ஒன்றிரண்டு சதவீதம் போட்டுப் புகையில் சுட்டால் இளம் பாசிப் பச்சை, எட்டிலிருந்து பத்து சதவீதம் போனால் கறுப்பு. கோபால்ட் மட்டும் எங்கே போட்டாலும் ஏறக்குறைய நீலமாகவே இருக்கும். ஆனால் அரை சதவீதமே போதும். இரண்டு போட்டால் கண்ணைக் குத்தும் மை நீலம் ஆகிவிடும்.

ஆகவே முதல் வருடம் சோதனை ஓடுகள். இரண்டு அங்குலச் சதுரம், மேலே ஒரு துளை. ஒரு கிளேஸ், அதில் கோபால்ட் கால், அரை, ஒன்று, இரண்டு சதவீதம். அப்புறம் தாமிரம், இரும்பு, மாங்கனீஸ், குரோம், ரூட்டைல் என்ற தாதுப்பொடி. பிறகு ஒன்றின் மேல் ஒன்று பூசி. பிறகு தடிமனாக ஒரு முறை, மெல்லியதாக ஒரு முறை. ஓட்டின் பின்னால் எண் எழுதும்போது இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் எழுதுங்கள். பேனா மை சூளையில் எரிந்து போய்விடும், எந்த ஓடு எது என்றே தெரியாது. என் பட்டறைச் சுவரில் ஆணியில் ஆயிரத்துக்கு மேல் தொங்குகின்றன. பக்கத்தில் அதே எண்களோடு நான்கு நோட்டுகள். வீட்டில் தீப்பிடித்தால் எதை எடுத்துக்கொண்டு ஓடுவாய் என்று யாராவது கேட்டால் அந்த நோட்டுகளைத்தான் சொல்வேன். இணையத்தில் கிடைக்கும் கிளேஸ் கணக்குகள் தவறானவை இல்லை. ஆனால் அவர்கள் வாங்கிய பெல்ஸ்பார் வேறு, நீங்கள் வாங்குவது வேறு. அவர்கள் மண் வேறு, சூளை வேறு. உங்கள் ஓட்டில், உங்கள் சூளையில் வந்த பிறகுதான் ஒரு நிறம் உங்களுடையது.

இந்தப் பாடத்தை நான் எப்படிப் படித்தேன் என்று சொல்கிறேன். தொழில் தொடங்கி மூன்றாவது வருடம், சிதம்பரம் பக்கம் ஒரு விடுதிக்காரர் வரவேற்பறைக்குப் பிச்சாவரம் காட்டை வரைந்து தரச் சொன்னார். 24 ஓடு. சுரபுன்னை இலைகளுக்குக் குரோம் பச்சை. வானத்துக்குத் தகர ஆக்சைடு கலந்த வெள்ளை. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்துப் பார்த்து நன்றாக வந்திருந்தது. ஆனால் இலைக்கு அடியில் பூசிய கிளேஸ் புதிது, அதில் துத்தநாகம் இருந்தது. குரோமும் துத்தநாகமும் சேர்ந்தால் பழுப்பு நிறம் வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரியாதது இன்னொன்றும் இருந்தது. குரோம் சூட்டில் ஆவியாகிப் பக்கத்தில் இருக்கும் தகர வெள்ளையில் படிந்தால் வெள்ளை ரோஜா நிறமாகிவிடும். சூளையைத் திறந்தபோது காடு முழுக்கக் காய்ந்த சருகு, வானம் முழுக்கச் சாயங்கால ரோஸ். இரண்டு மாத உழைப்பு. அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. மறுநாள் துத்தநாகம் இல்லாத கிளேஸ் ஒன்றைக் கலந்து, பச்சையையும் வெள்ளையையும் ஒரே சோதனை ஓட்டில் அருகருகே பூசி, அதே சூளையில் வைத்துச் சுட்டுப் பார்த்தேன். இலை பச்சையாக வந்தது. வெள்ளைக்குத் தகரத்தை விட்டுவிட்டு சிர்க்கான் என்ற தாதுத்தூள் கலந்ததும் ரோஸ் போய்விட்டது. விடுதிக்காரர் நல்ல மனுஷர், காத்திருந்தார். அந்தப் பழுப்புக் காட்டின் நான்கு ஓடுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதலில் அவற்றைத்தான் காட்டுகிறேன்.

அடுத்தது, எந்த முறையில் வரையப் போகிறீர்கள் என்பது. எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். ஆனால் தொழில் என்று வரும்போது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுலபமானது, கடையில் கிடைக்கும் வெள்ளை டைல்ஸை வாங்கி அதன் பளபளப்பின் மேலேயே எண்ணெயில் குழைத்த பீங்கான் வண்ணங்களால் வரைந்து 750 முதல் 850 டிகிரிக்குள் சுடுவது. சிறிய சூளை போதும், நிறமும் ஓரளவு முன்னாலேயே தெரியும். உங்களைப் போன்றவர்களுக்கு முதல் வருமானம் இதில்தான் வரும். ஆனால் நிறம் கண்ணாடியின் மேல்தோலில்தான் உட்கார்ந்திருக்கும். வருடக்கணக்கில் ஆசிட் ஊற்றித் தேய்த்தால் மங்கும். வீட்டுக்குள் மாட்டும் பெயர்ப்பலகைக்குச் சரி, கடற்கரைச் சுவருக்கு வேண்டாம். சுடாத பச்சை ஓட்டில் வண்ணம் தீட்டி அதன்மேல் தெளிவான கிளேஸ் பூசிச் சுடும் முறையும் உண்டு. கோடுகள் சுத்தமாக நிற்கும். எனக்கு அது கண்ணாடிக்குள் சட்டம் போட்ட படம் மாதிரி இருப்பதால் பிடிப்பதில்லை, அவ்வளவுதான்.

தகர வெள்ளையின் மேல் வரைவது வேறு உலகம். ஒன்பதாம் நூற்றாண்டில் இராக்கின் பாஸ்ரா பகுதிக் குயவர்கள் சீனத்து வெள்ளைப் பீங்கானைப் பார்த்து ஆசைப்பட்டார்கள். அந்த மண் அவர்களிடம் இல்லை. ஆகவே சாதாரண மண்ணின் மேல் தகரம் கலந்த வெள்ளைக் கிளேஸைப் பூசி அதன் மேல் கோபால்ட்டால் வரைந்தார்கள். அது ஸ்பெயினுக்குப் போய், இத்தாலிக்குப் போய், ஹாலந்தின் டெல்ஃப்ட் நகருக்குப் போய், போர்ச்சுகலில் தெருத்தெருவாகச் சுவரேறியது. போர்ச்சுகீசியர் அந்த ஓட்டை அசுலேஜோ என்கிறார்கள், மெருகிட்ட சிறு கல் என்ற பொருளுள்ள அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர். போர்ட்டோ நகரின் சாவ் பெந்து ரயில் நிலையத்தில் ஜோர்ஜ் கொலாசோ என்ற ஓவியர் ஏறக்குறைய 20,000 ஓடுகளில் வரைந்திருக்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கோவா பனாஜியில் மெனேசஸ் பிரகான்சா நிறுவனத்தின் முகப்புக் கூடத்தில் அவர் வரைந்த நீல ஓடுகள் இருக்கின்றன. ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரே நீலத்தை நீரில் கரைத்துக் கரைத்து எத்தனை சாயலில் இழுத்திருக்கிறார் என்பதை அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது.

இதில் சுடாத கிளேஸ் மாவு மாதிரி உலர்ந்திருக்கும், அதன் மேல் தூரிகை ஓட வேண்டும். திருநீற்றுத் தட்டில் விரலால் எழுதுவது போல. தூரிகை தொட்டதும் உறிஞ்சிவிடும், அழித்து எழுத முடியாது. கோடு தயங்கினால் அந்தத் தயக்கம் நூறு வருடத்துக்குச் சுவரில் நிற்கும். உங்களுக்குக் கோலம் போட வருமென்றால் இதற்கான கை ஏற்கெனவே பாதி இருக்கிறது. மாவை விடும் விரல் நடுவில் நிற்காது அல்லவா, அதே ஓட்டம்தான்.

நான் கடைசியில் தங்கியது மெழுகுக் கோட்டு முறையில். ஸ்பானியர் இதை உலர்ந்த கயிறு என்று அழைக்கிறார்கள். மாங்கனீஸ் தூளை எண்ணெயிலோ மெழுகிலோ குழைத்து முதலில் கோடு போட வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் தண்ணீராய் இருக்கும் கிளேஸைச் சின்ன ரப்பர் குமிழால் சொட்டுச் சொட்டாக நிரப்ப வேண்டும். எண்ணெய்க் கோட்டைத் தண்ணீர் தாண்டாது. சூளையில் எண்ணெய் எரிந்துவிடும், மாங்கனீஸ் கருங்கோடாக நிற்கும், இரண்டு பக்கமும் கிளேஸ் கொஞ்சம் புடைத்துக் குளம் போலத் தேங்கும். மார்கழியில் கோலக்கோடு போட்டுவிட்டுக் கலர்ப்பொடி நிரப்புவது போலத்தான் இதுவும். எங்கள் தெருப் பெண்கள் வந்து பார்த்த உடனே புரிந்துகொண்டார்கள். கோட்டை மேடாக வேண்டுமென்றால் மருதாணிக் கோனில் களிமண் குழம்பை அடைத்துப் பிழிந்து வரையலாம். வாசலில் உட்கார்ந்து மருதாணி போடும் பெண்களுக்கு இது பத்தே நிமிடத்தில் வந்துவிடுகிறது.

பெரிய படத்தைப் பல ஓடுகளுக்கு மாற்றுவதற்குக் காகிதத்தில் முழு அளவில் வரைந்து, கோட்டின் மேல் ஊசியால் துளை போட்டு, கரித்தூள் மூட்டையால் தட்டுங்கள். டெல்ஃப்டிலும் அப்படித்தான் செய்தார்கள். சூளையில் கரி எரிந்து போய்விடும்.

ஓட்டை நீங்களே செய்ய வேண்டுமா? ஆரம்பத்தில் வேண்டாம். ஆனால் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். தட்டையாக ஒரு ஓடு செய்வதுதான் மண் வேலையிலேயே கஷ்டமான வேலை என்பேன். பானை வளைந்தால் அழகு, ஓடு வளைந்தால் குப்பை. மண்ணைத் தேய்க்கும்போது சப்பாத்தி மாதிரி நான்கு பக்கமும் திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். ஒரே பக்கமாக இழுத்தால் காயும்போது அந்தப் பக்கம் சுருங்கும். மண்ணில் சுட்ட மண்துகள் கலந்தால் வளைவு குறையும். பிறகு இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து நிழலில், மெதுவாக. சித்திரை வெயிலில் ஓரம் முதலில் காய்ந்து மேலே தூக்கிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று வாரம் ஆனாலும் ஈரம் போகாது. ஈரத்தோடு சூளையில் வைத்தால் ஆவி கிளம்பி ஓடு வெடிக்கும். சுருக்கத்தையும் கணக்கில் வையுங்கள். உங்கள் மண் பச்சையிலிருந்து சுட்டு முடியும் வரை 12 சதவீதம் சுருங்குகிறது என்றால் ஆறு அங்குல ஓட்டுக்கு 6.8 அங்குலம் வெட்ட வேண்டும்.

மண்ணுக்கு நம் பகுதியில் குறைவில்லை. வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அந்தச் செம்மண்ணின் மேல் தகர வெள்ளை அருமையாக உட்காரும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. பீங்கான் பொம்மை, விளக்கு, மின்சார பியூஸ் கட்டை எல்லாம் அங்கிருந்து போகின்றன. வெள்ளை மண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் தூள் வேண்டுமென்றால் முதலில் அங்கே போய் விசாரியுங்கள். உங்கள் மாவட்டமேதான், பஸ்ஸில் போய்வரலாம். அரசு நடத்தும் பீங்கான் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பும் அங்கே இருக்கிறது. கிளேஸின் வேதியியலை ஒழுங்காகப் படிக்க ஆசையிருந்தால் அதுவே வழி.

கலைப் பக்கமாகக் கற்க வேண்டுமென்றால் புதுச்சேரியை விடச் சிறந்த இடம் இந்தியாவில் அதிகம் இல்லை. 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். சவுக்குக் கட்டையில் எரியும் சூளை, ஸ்டோன்வேர் கிளேஸ். அங்கே கற்றவர்கள் ஆரோவில்லிலும் நாடெங்கும் பட்டறை வைத்திருக்கிறார்கள். மீக்கர் 1980-களில் பச்சை மண்ணில் வீட்டையே கட்டி, அந்த வீட்டையே சூளையாக வைத்துக் கொளுத்திச் சுட்டுப் பார்த்தவர். அந்தப் பரம்பரையில் வந்த பட்டறைகளில் உதவியாளராகச் சேர முயலுங்கள். ஓராண்டு மண் பிசைவதும் சூளை அடுக்குவதுமாகப் போனாலும் பரவாயில்லை. ஒரு எச்சரிக்கை மட்டும். விறகுச் சூளையில் சாம்பல் பறந்து ஓட்டில் படிந்து தானே ஒரு கிளேஸ் ஆகும். குவளைக்கு அது வரம். முகம் வரைந்த ஓட்டுக்கு ஆபத்து. படம் வரைகிறவர்களுக்கு மின்சாரச் சூளைதான் நம்பகமானது.

நீங்கள் படித்த கல்லூரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது இத்தாலியின் அரெட்சோவில் செய்த செந்நிறப் பளபளப்பு மண்கலங்கள் கிடைத்தன. அந்தப் பளபளப்பு கிளேஸ் கூட இல்லை. மிக நுண்ணிய களிமண் குழம்பைப் பூசிச் சுட்டது. இரண்டாயிரம் வருடம் நம் உப்பு மண்ணுக்குள் கிடந்தும் மினுங்குகிறது. அரிக்கமேட்டுப் பொருள்கள் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு நாள் நிதானமாகப் போய்ப் பாருங்கள். சுட்ட மண்ணின் மேல் நிற்கும் நிறத்துக்கும் சுவரின் மேல் பூசிய நிறத்துக்கும் உள்ள வித்தியாசம் நான் சொல்லாமலே விளங்கும்.

ஓவியம் படித்தவர்கள் இந்தப் பக்கம் வந்து தோற்றுப் போவார்கள் என்று சிலர் உங்களைப் பயமுறுத்தலாம். கிருபால் சிங் செகாவத் சாந்திநிகேதனில் ஓவியம் படித்தவர். ஜெய்ப்பூரின் நீல மண்பாண்டக் கலை அழியும் நிலையில் இருந்தபோது அதைத் தூக்கி நிறுத்தியவர் அவர். 1974-இல் பத்மஸ்ரீ பெற்றார். அந்த ஜெய்ப்பூர் வேலையில் களிமண்ணே முக்கியமில்லை, உடல் பெரும்பாலும் குவார்ட்ஸ் தூள். கே. ஜி. சுப்ரமணியன் ஓவியராக இருந்துகொண்டே 1963-இல் லக்னோ ரவீந்திராலயாவின் சுவரைச் சுடுமண் ஓடுகளால் நிரப்பினார். ஆகவே துணிந்து வாருங்கள்.

இனி வருமானம். உங்கள் பெரிய போட்டி குஜராத்தின் மோர்பியிலிருந்து வரும் அச்சு டைல்ஸ். இயந்திரம் மை பீச்சி முருகனையும் மாதாவையும் அருவியையும் மலிவாக அச்சடித்துத் தள்ளுகிறது. அதோடு விலையில் மோதாதீர்கள். கடையில் கிடைக்கும் சாமி படத்தையே நீங்களும் கையால் வரைந்தால் யாரும் கூடுதலாக ஒரு ரூபாய் தர மாட்டார்கள். அச்சால் முடியாததைச் செய்யுங்கள். ஒரு வீட்டுக்காரர் அப்பாவின் கட்டுமரத்தை, இடித்துவிட்ட பழைய வீட்டின் திண்ணையை, வாசலில் இருந்த பன்னீர் மரத்தை. எனக்கு வரும் வேலைகளில் பாதிக்கு மேல் இப்படி ஞாபகங்கள்தான். மற்றவை பெயர்ப்பலகை, பிரெஞ்சுத் தெரு விடுதிகளின் அறை எண், சமையலறைப் பின்சுவர், தேவாலயத்துக்குச் சிலுவைப் பாதை 14 காட்சி. சிலர் ஆத்தங்குடிக் கல்லைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பார்கள். ஆத்தங்குடிக் கல் சிமென்ட், சுடாதது, தரைக்கானது, அதன் அழகு வேறு என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுங்கள்.

விலை சொல்லும்போது சோதனைக்கும் உடைசலுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். 24 ஓட்டுப் படத்துக்கு 28 ஓடு செய்து, எல்லாவற்றையும் ஒரே சூளையில் சுடுங்கள். உடைந்ததை அடுத்த மாதம் தனியாகச் சுட்டால் நீலம் மற்ற ஓடுகளோடு பொருந்தாது. பாதிப் பணம் முன்பணம். இதில் கூச்சமே வேண்டாம்.

சூளை இப்போது வாங்காதீர்கள். பட்டறைகளில் தட்டுக் கணக்கில் பணம் கொடுத்துச் சுட்டுக்கொள்ளலாம். வாங்கும் காலம் வந்தால் முதலில் மின்சாரத்தைப் பாருங்கள். 6 கிலோவாட் சூளை முழுவீச்சில் எட்டு மணி நேரம் ஓடினால் 48 யூனிட். இவ்வளவு பெரிய சூளைக்கு மும்முனை இணைப்பு வேண்டியிருக்கலாம். சுடும்போது 573 டிகிரியை மறக்காதீர்கள். அங்கே குவார்ட்ஸ் சட்டென்று பருமன் மாறும். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடத்தில் அவசரப்பட்டால் ஓடு குறுக்கே விரியும். நூறுக்குக் கீழே வரும் வரை கதவைத் திறக்காதீர்கள். எனக்கு இன்றும் இதுதான் கஷ்டமான கட்டுப்பாடு.

ஓவியம் முடிந்துவிட்டது என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் கொத்தனார் வருவார். டைல்ஸ் ஓவியருக்குக் கொத்தனார் பாதி உயிர். ஒவ்வொரு ஓட்டின் பின்னாலும் எண்ணும், மேல்பக்கம் எது என்று அம்புக்குறியும் போட்டு, தரையில் முழுப் படத்தையும் பரப்பிக் காட்டிவிட்டுத்தான் ஒட்ட விட வேண்டும். முதல் நாள் முழுக்க நானே கூட நிற்பேன். அண்ணே, இந்த இடத்துல மூணு மில்லி விடுங்க என்று சொன்னால் செய்து தருவார்கள், நாம் இல்லாவிட்டால் முட்ட முட்ட வைத்துவிடுவார்கள். ஓட்டின் பின்னால் ஐந்து உருண்டை சிமென்ட் வைத்து அழுத்தும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. உருண்டைகளுக்கு நடுவே வெற்றிடம் விழும், அதில் தண்ணீர் தங்கும். டைல் பசையைப் பல்கரண்டியால் சுவர் முழுக்க இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். புதுப் பூச்சாக இருந்தால் 28 நாள் காயட்டும்.

கடலோரத்துக்கு இது இன்னும் முக்கியம். நம் ஊர்ச் சுவர்களில் உப்பு இருக்கிறது. குறைந்த வெப்பத்தில் சுட்ட ஓடு பின்பக்கமாகத் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீர் காயும்போது உப்பு கிளேஸுக்கு அடியில் படிகமாகி, உள்ளிருந்து அதைத் தள்ளிச் செதில் செதிலாக உதிர்த்துவிடும். உங்கள் அக்ரிலிக் உரிவதும் பெரும்பாலும் இதே உப்பால்தான். ஆகவே கடற்கரைச் சுவருக்கு 1200 டிகிரிக்கு மேல் சுட்டு இறுகிய ஓடு. ஈரம் ஏறும் சுவர் என்றால் வேலையையே ஒத்துக்கொள்ளாதீர்கள், முதலில் சுவரைச் சரிசெய்யச் சொல்லுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் இரண்டு ஊருக்கும் நடுவில் கரையேறியது உங்களுக்கு நினைவிருக்கும். என் பட்டறைக் கூரை பறந்தது, உலர வைத்திருந்த ஓடெல்லாம் கரைந்து சேறானது. இரண்டு நாள் கழித்துக் கடலூர் போகும் வழியில் நான் முன்பு செய்துகொடுத்த ஒரு வீட்டைப் பார்த்தேன். சுற்றுச்சுவரில் பாதி விழுந்திருந்தது. விழாத பாதியில் மீன்கூட்டம் அப்படியே இருந்தது. வீட்டம்மா முந்தானையால் சேற்றைத் துடைத்தார், நீலம் பளிச்சென்று வந்தது. ஒன்பது ஓடு போயிருந்தது. நோட்டில் எண் பார்த்துக் கிளேஸ் கலந்து ஒன்பதையும் மறுபடி செய்து கொடுத்தேன். ஒட்டிப் பார்த்தால் உற்றுப் பார்க்கிறவர்களுக்கு நீலம் ஒரு நூல் மாறியிருப்பது தெரியும். அந்தம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

உடம்பைப் பற்றி ஒன்று, இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உலர்ந்த கிளேஸ் தூளில் இருப்பது நுண்ணிய சிலிக்கா. நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. பட்டறையைத் துடைப்பத்தால் பெருக்கவே கூடாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். தூள் அளக்கும்போது என்95 முகமூடி. குரோம், மாங்கனீஸ், கோபால்ட் தூள்களில் வெறும் கையை விடாதீர்கள். பழைய கணக்குகளில் ஈயம் வரும், அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போங்கள், ஈயமில்லாமலே எல்லா நிறமும் வரும். சூளை எரியும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், அந்த அறையில் குழந்தையைத் தூங்க வைக்காதீர்கள்.

கடைசியாக, கையில் இருக்கும் பெயின்ட். விற்றுவிடாதீர்கள், வடிவமும் அமைப்பும் திட்டமிட அது வேண்டும். ஆனால் வாடிக்கையாளரிடம் அக்ரிலிக்கில் வண்ண மாதிரி வரைந்து காட்டாதீர்கள். அந்தச் சிவப்பே வேண்டும் என்று பிடித்துக்கொள்வார்கள், சூளை அந்தச் சிவப்பைத் தராது. பென்சில் கோட்டில் படத்தைக் காட்டுங்கள், நிறத்துக்குச் சோதனை ஓடுகளை ஒரு பையில் எடுத்துப் போய் அவர்கள் வீட்டு வெளிச்சத்தில், ஒட்டப் போகும் சுவரிலேயே வைத்துக் காட்டுங்கள். அந்தப் பையில் முப்பது ஓடு சேர்ந்ததும் எழுதுங்கள். நான் வந்து பார்க்கிறேன், இல்லையென்றால் நீங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வாருங்கள். தாளில் சுற்றிக்கொண்டு வாருங்கள், ஓரம் உடையும்.